நுண்ணோக்கிக்கு முன்னால் ஒரு வருஷம்

போளூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர், ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் காட்டுக்கும் சாமைக் கொல்லைகளுக்கும் நடுவே விலகி விலகி இருக்கின்றன. காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 1986 ஜனவரியில். பிரதமர் ராஜீவ் காந்தி நேரில் வந்தார். நாடே செய்தி படித்தது. அடுத்த மாதம், மலைக்கு வடக்கே வேலூரில் ஒரு மாணவி ஐஸ் பெட்டியோடு காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கியது எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை.

அவர் செல்லப்பன் நிர்மலா, வயது 32, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் எம்.டி. மாணவி. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லி ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தவர் பேராசிரியர் சுனிதி சாலமன். சுனிதி பேத்தாலஜியில் வளர்ந்தவர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தத் துறையில் பயிற்சி பெற்று, 1973இல் சென்னை திரும்பி, பிறகு நுண்ணுயிரியலுக்கு வந்தவர். 'இதெல்லாம் மேல்நாட்டு நோய், நமக்கு வராது' என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மாதிரி எடுத்தால் ஒன்றும் தேறாது என்றே நிர்மலாவும் நினைத்தார். ஆனாலும் தேடினார்.

தேட வேண்டியது பாலியல் தொழிலாளர்களிடம். ஆனால் சென்னையில் அவர்களுக்கென்று தனித் தெரு கிடையாது. பிடிபட்ட பெண்களை வைத்திருந்த காப்பகத்துக்கே நிர்மலா போனார். கையுறை இல்லை, பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் 80க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார். சுனிதியோடு சேர்ந்து சீரத்தைப் பிரித்தார். அதை வைக்க வேறு இடம் இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ஜேக்கப் ஜான் நடத்திய வைராலஜி ஆய்வகத்தில் இருந்தது. கணவர் துணைக்கு வர, இரவு ரயில் ஏறினார்.

காலை எட்டரைக்குச் சோதனை தொடங்கியது. நண்பகலில் கரண்ட் போய்விட, எல்லோரும் டீ குடிக்க எழுந்தார்கள். முதலில் திரும்பி வந்தவர்கள் நிர்மலாவும் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் பாபுவும். பாபு சோதனைத் தட்டின் மூடியைத் தூக்கினார், சட்டென்று மூடினார். ஆறு குழிகளில் மஞ்சள் நிறம். எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தது. மாதிரிகள் மறுபடி எடுக்கப்பட்டன, அமெரிக்காவுக்குப் போய் உறுதியாயின. மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாட்டின் எய்ட்ஸ் தடுப்பு வேலை தொடங்கியது ஒரு மாணவியின் ஆய்வேட்டிலிருந்து. 1987இல் அதைச் சமர்ப்பித்துவிட்டு அவர் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.

இப்படி ஒரு மாணவரை ஆய்வகத்தில் நீண்ட காலம் உட்கார வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் ஒரு தனி ஏற்பாடாகவே உண்டு. மருத்துவப் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்தவர் விரும்பினால் படிப்பை நிறுத்திவைத்து, ஒரு வருஷம் பேத்தாலஜி துறையில் உதவித்தொகையோடு வேலை பார்க்கலாம். வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை அது. அறுவை அரங்கிலிருந்து வரும் பித்தப்பையைத் திறந்து அளந்து, ஓரங்களில் மை தடவி, எந்தத் துண்டை மெழுகில் பதிக்க வேண்டும் என்று முடிவு செய்வார். நோயாளி மயக்கத்தில் கிடக்க, கட்டியின் ஒரு துணுக்கை உறைய வைத்துச் சீவி, சில நிமிடத்தில் புற்றா இல்லையா என்று மூத்தவர் சொல்லும்போது பக்கத்தில் நிற்பார். பிரேதப் பரிசோதனையும் செய்வார். வருஷம் முடிந்து வார்டுக்குத் திரும்பும்போது, எக்ஸ்ரேயில் தெரியும் நிழலுக்குப் பின்னால் இருக்கும் சதையை அவர் கையால் தொட்டிருப்பார். நவீன மருத்துவக் கல்வியை வடிவமைத்தவர்களில் ஒருவரான வில்லியம் ஆஸ்லரும் இளமையில் மான்ட்ரியல் பிணவறையில் நூற்றுக்கணக்கான உடல்களை அறுத்துப் பார்த்தவர்தான்.

சென்னையின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய சார்லஸ் டொனோவன், காய்ச்சலில் இறந்தவர்களின் மண்ணீரலைச் சிலைடில் தேய்த்துப் பார்த்தார். மண்ணீரல் வீங்கினாலே மலேரியா என்று எழுதிவிடும் பழக்கம் அவரை உறுத்தியது. 1903 ஜூனில், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த சொட்டிலும் அதே நுண்ணுடல்களைக் கண்டார். இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் அதே ஆண்டு அவற்றை விவரித்திருந்ததால் காலா அசார் கிருமிக்கு இருவர் பெயரும் சேர்ந்து நின்றுவிட்டது.

வேலூர் கல்லூரிக்கு வருவோம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக ஐடா ஸ்கடர் தொடங்கியது, 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது, 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். அந்த ஆண்டுகளில் அங்கு வந்த எலும்பு மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் மடங்குகின்றன என்று தேடினார். விடை நரம்பில் இருந்தது. நரம்பை முழு நீளத்துக்கும் பார்க்க ஓர் உடல் வேண்டும். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்ததும் குழுவோடு ஓடினார். விடிந்தால் தகனம். இரவோடு இரவாக நரம்புகளைப் பிரித்து எடுத்தபோது, முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டுக்கு மேலே, முழங்காலருகே என்று தோலை ஒட்டி ஓடும் இடங்களில் மட்டும் அவை வீங்கியிருந்தன. எந்தத் தசை செயலிழக்கும், எது தப்பும் என்று அதன்பின் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. தப்பும் தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவைக்கு அந்த இரவு பலம் சேர்த்தது.

ஆய்வகத்தில் நீண்ட காலம் உட்காரும் இந்த வாய்ப்பு இந்திய எம்.பி.பி.எஸ். மாணவருக்கு எவ்வளவு கிடைக்கிறது? இரண்டாம் ஆண்டில் பேத்தாலஜி ஒரு பாடம்: பதப்படுத்திய உறுப்புகள், சிலைடு பெட்டி, தேர்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979இல் தொடங்கிய குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டம் இரண்டு மாதம் தருகிறது. அதன் மூலம் ஆய்வு ருசி கண்டவர்கள் ஏராளம். அது நல்ல திட்டம். ஆனால் சில நோய்களை இரண்டு மாதத்தில் பார்த்து முடிக்க முடியாது. அதற்கு ஜவ்வாது மலையே சாட்சி.

இங்கே மண்வழி வருவது கொக்கிப்புழு. வெறுங்காலில் கொல்லைக்குப் போகிறவரின் தோலைத் துளைத்து ஏறிக் குடலில் கவ்விக்கொள்ளும். வகையைப் பொறுத்து ஒரு புழு ஒரு நாளில் 0.03 மில்லிலிட்டரிலிருந்து 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தத்தை இழக்கச் செய்யும். புழு நூறானால், சரியாகச் சாப்பிடாத ஒரு கர்ப்பிணிக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெனின், மலாவி நாடுகளோடு இந்தியாவிலும் நடந்த 'டீவோர்ம்3' ஆய்வுக்கு வேலூர் கல்லூரி தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில் ஒன்று ஜவ்வாது மலை, மற்றது சமவெளியில் திமிரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதற்குப் பதில் ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு இரு முறை, மூன்று ஆண்டு கொடுத்தால் பரவுவது நிற்குமா என்பது கேள்வி.

மலத்தில் புழு முட்டையைத் தேடுவது நுண்ணோக்கி. கேட்டோ-காட்ஸ் முறையில் 41.7 மில்லிகிராம் மலத்தைத் துளைத்தகட்டால் அளந்து சிலைடில் வைத்து, கிளிசரினில் ஊறிய பச்சை செலோஃபேனால் மூடி அழுத்துவார்கள். கிளிசரின் எல்லாவற்றையும் தெளியவைக்கும். கொக்கிப்புழு முட்டையின் மெல்லிய ஓட்டையும் சேர்த்துத்தான். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணிக்குள் எண்ணிவிட வேண்டும். தாமதித்தால் நோயாளியின் பெயருக்கு நேரே 'இல்லை' என்று விழுந்துவிடும். உருண்டைப்புழு முட்டை அப்படி அவசரப்படுத்தாது.

மலையில் பரவல் முற்றாக நின்றுவிடவில்லை. மாத்திரை போட்ட குடல் பெரும்பாலும் சுத்தமாகும். மண்ணில் கிடக்கும் புழுக்குஞ்சு அடுத்த மழையில் மறுபடி காலைத் தேடும். ஜூலையில் வரும் மாணவர் மாத்திரைக்குப் பிந்திய சுத்தமான சிலைடைப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் கல்லூரிக்குத் திரும்பிவிடுவார். வடகிழக்குப் பருவமழை கழிந்து அதே ஆளின் சிலைடில் முட்டைகள் திரும்புவதைக் காண அவர் மலையிலேயே இருந்திருக்க வேண்டும்.