மென்பொருள் வெளியீட்டுக் குறிப்பு: எதை இயந்திரத்திடம் விடலாம், எதை விடக்கூடாது?

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே கொழும்புக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மென்பொருள் செய்துகொடுக்கும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையிலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்திலும் படித்து வெளியேறும் பலருக்கும் இந்தத் தொலைதூர வேலை ஒரு வழி. வாடிக்கையாளர் நேரில் வந்து பார்ப்பதில்லை. அவர் கைக்குப் போவது இரண்டு ஆவணங்கள். புதிய பதிப்பில் என்ன மாறியது என்பதைச் சொல்வது வெளியீட்டுக் குறிப்பு. ஒப்புக்கொண்ட வேலைகளில் எவை முடிந்தன என்பதைச் சொல்வது கையளிப்பு அறிக்கை. தவணைப் பணம் பல வேளைகளில் இரண்டாவது ஆவணத்தைப் பார்த்தே விடுவிக்கப்படுகிறது.

இவ்விரண்டின் பெரும்பகுதியையும் கணினியே தயாரிக்கலாம்.

மூலம் எது?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிற்’, ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவரின் பெயர், நேரம், சிறு குறிப்பு ஆகியவற்றோடு சேமிக்கிறது. தானியங்கிக் கருவிகள் வாசிப்பது இந்தக் குறிப்புகளைத்தான். “சரிசெய்தேன்” என்று மட்டும் எழுதினால் கருவியும் அதையே திருப்பிச் சொல்லும்.

இதற்காகவே ‘கொன்வென்ஷனல் கொமிற்ஸ்’ என்ற எழுத்துமுறை வந்தது. புதிய வசதி என்றால் குறிப்பின் தொடக்கத்தில் ‘பீற்’, பிழைதிருத்தம் என்றால் ‘பிக்ஸ்’ என்று இடவேண்டும். பழைய பயன்பாட்டைக் குழப்பக்கூடிய மாற்றமானால் தனி அடையாளம் இடவேண்டும். இதைப் பார்த்துப் பதிப்பு எண்ணையும் கருவியே முடிவுசெய்யும். 2.4.1 என்ற பதிப்பு, பிழைதிருத்தத்தால் 2.4.2 ஆகும், புதிய வசதியால் 2.5.0 ஆகும், குழப்பும் மாற்றத்தால் 3.0.0 ஆகும்.

கிற்ஹப் தளம் 2021 முதல் வெளியீட்டுக் குறிப்பைத் தானாக எழுதும் வசதியைத் தருகிறது. இணைக்கப்பட்ட மாற்றங்களை, அவற்றுக்கு இட்ட லேபல்களின்படி பிரித்துப் பட்டியலிடும். முதன்முறை பங்களித்தவர்களைத் தனியாகக் குறிப்பிடும். திறந்த மூலத் திட்டம் ஒன்றில் இப்படிப் பெயர் பதிவாவது, வேலை தேடும் மாணவருக்குச் சான்றிதழ் போன்றது.

கையளிப்பு அறிக்கையில் இருக்கவேண்டியவை

பதிப்பு எண், திகதி, ஒப்புக்கொண்ட பணிகளின் பட்டியல், பரிசோதனை முடிவுகள், தெரிந்த குறைகள், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி. பணிப்பட்டியலை ஜிரா போன்ற கருவியில் இருந்தும், பரிசோதனை முடிவுகளைத் தானியங்கிப் பரிசோதனையில் இருந்தும் எடுத்து ஒரே கோப்பாக்கலாம். முடியாத பணிகளுக்கும் ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். முடிந்தவற்றை மட்டும் காட்டும் அறிக்கை அடுத்த தவணையில் சண்டையில் முடியும்.

இயந்திரம் அறியாதது

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கடன் மென்பொருளை உதாரணமாக எடுப்போம். “பிக்ஸ்: பெப்ரவரி 29 தவணை விடுபடுதல்” என்பது நிரலாளருக்குப் போதும். சங்க முகாமையாளருக்குத் தேவையானது வேறு: “பெப்ரவரி 29இல் கட்டவேண்டிய தவணைகள் பட்டியலில் வராத பிழை நீக்கப்பட்டது. அந்த மாதப் பட்டியலை மீண்டும் அச்சிட்டுச் சரிபார்க்கவும்.” பாவிப்பவர் இனி என்ன செய்யவேண்டும் என்ற அந்த இரண்டாவது வசனம் கிற்றில் இருக்காது. அதை மனிதர்தான் எழுதவேண்டும். பாவிப்பவர் தமிழர் என்றால் தமிழில் எழுதவேண்டும்.

எமக்குரிய எச்சரிக்கை

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சகானா’ மென்பொருளில் காணாமற்போனோர் பதிவேடும் முகாம் பதிவேடும் இருந்தன. திறந்த மூலமாக வெளியான அது 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. இத்தகைய பதிவேடுகளின் நிரல் ஊருக்கெல்லாம் திறந்திருக்கலாம். அவற்றுள் இருக்கும் மனிதர்களின் விபரம் திறந்திருக்கக்கூடாது.

காணாமலாக்கப்பட்டோர், காணி உரிமை, இழப்பீடு, உளவள ஆலோசனை சார்ந்த மென்பொருள் செய்வோர் இதை மறக்கக்கூடாது. “இன்னாருடைய தந்தை பெயர் திருத்தப்பட்டது” என்று அவசரத்தில் எழுதிய மாற்றக் குறிப்பை, தானியங்கிக் கருவி அப்படியே பொதுவெளியில் போட்டுவிடும். கிற் வரலாற்றில் ஒருமுறை ஏறியதை முற்றாக அழிப்பது கடினம். பிரதிகள் பலரிடம் போயிருக்கும். குறிப்புகளை மெருகேற்ற வெளியார் செயற்கை நுண்ணறிவுச் சேவைக்கு அனுப்பினாலும் இதே ஆபத்துண்டு.

ஆகவே மூன்று விதிகள். மாற்றக் குறிப்பில் ஆளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர் விபரம் எழுதாமல் பணி இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். பரிசோதனைக்கு உண்மைத் தரவைப் பாவிக்காதீர்கள். கருவி தயாரித்த குறிப்பை வரைவாகவே வைத்திருந்து, ஒருவர் வாசித்து ஒப்பமிட்ட பின்னரே வெளியிடுங்கள். கருவியால் மிச்சமாகும் நேரத்தில் கொஞ்சத்தை இந்த வாசிப்புக்கு ஒதுக்கினால் போதும்.