காதி மன்றமும் கல்முனைப் பெண்களும்

மாநாடு கூட்டுவோர் முதலில் மண்டபத்தையும் தலைவரையும் தேடுவது வழக்கம். ஊர் மட்ட நீதிமுறையைச் சீர்திருத்தும் பொருட்டுக் கல்முனைக் கரையில் சட்டத்துறையினரும் ஆசிரியரும் கூடுவதாயின், முதலில் தேட வேண்டியது வரலாற்றையே என்போம். யாரைக் கேட்டுச் சட்டம் பிறந்தது, யாரைக் கேளாது பிறந்தது என்பதை அறிந்த பின்னரே அழைப்பிதழ் எழுதுதல் தகும்.

இலங்கை முஸ்லிம்களின் விவாகத்தையும் வாரிசுரிமையையும் பற்றிய வழமைகளைப் பிரித்தானியர் 1806இல் தொகுத்தனர். கொழும்பு மாகாணத்துக்கென எழுந்த அத்தொகுப்பு 1852இல் தீவு முழுவதற்கும் விரிந்தது. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோது காதி நீதிமன்றம் உருப்பெற்றது. இன்றுள்ள அமைப்பின் அடிப்படை, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமாகும்.

இம்மன்றத்தின் நன்மையை நாம் மறுக்கவில்லை. அங்கு வழக்கறிஞர் தோன்றி வாதாட இடமில்லை. பணம் படைத்தவன் வாய் வன்மையை விலைக்கு வாங்கிவர முடியாது. மருதமுனை நெசவாளியின் மகளும் நிந்தவூர் விவசாயியின் மகளும் தாபரிப்பையோ மஹரையோ தாமே நேரில் கேட்கலாம். ஏழைக்கு எட்டும் நீதி என்பது சிறிய பேறன்று.

ஆனால் கேட்பவள் யார் முன் நிற்கிறாள்? 1951ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தபடி காதியார் ஆண். மனைவி பஸஹ் விவாகரத்துக் கோரினால் அவருடன் அமரும் மூவரும் ஆண்கள். மேன்முறையீட்டைக் கேட்கும் காதிகள் சபையின் ஐவரும் ஆண்களே. கணவனோ காரணம் காட்டாமலே தலாக் கூறலாம். மனைவிதான் தன் துயரைச் சாட்சி வைத்து நிறுவ வேண்டும்.

இம்மண்ணின் வழமையோடு இதனை ஒப்பிடுவோம். கீழ்க்கரையில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோர் கடன். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். 2004ஆம் ஆண்டுச் சுனாமி அத்தகைய வீடுகள் பலவற்றை வாரிச் சென்றது. பின்னர் எழுந்த வீடுகள் பல, குடும்பத் தலைவன் என்ற பெயரில் ஆணின் உறுதியாக மாறின. ஊர் வழமை பெண்ணுக்கு அளித்ததை அரசாங்கக் காகிதம் பறித்தது. வீட்டுக்கு உரியவளாக இருந்தவள், அவ்வீட்டு வாழ்வைத் தீர்க்கும் மன்றத்தில் மனுதாரியாக மட்டுமே நிற்கிறாள்.

வேறு முயற்சிகளும் பாடம் புகட்டுகின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த இணக்க சபைகள், நியமனங்களில் அரசியல் புகுந்ததால் மதிப்பிழந்து 1978இல் மறைந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகளில் பெண் அமரச் சட்டத் தடை இல்லை. அதனால் ஊர் எதுவும் கெட்டுவிடவில்லை.

விவாகச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு, 2018இல்தான் அறிக்கை தந்தது. பெண் காதியாராகலாமா என்பது உட்படப் பல பொருள்களில் குழுவே இரண்டாகப் பிளந்தது. காதி மன்றத்தையே ஒழித்துவிடலாம் என்போரும் உளர். ஒழிப்பதால் ஏழைப்பெண் மீண்டும் தொலைவும் செலவும் மிக்க நீதிமன்றத்துக்கே தள்ளப்படுவாள். அப்படியே விட்டுவைப்பதால் அவள் வாசற்படியிலேயே நிற்பாள்.

ஆகவே மாநாட்டின் முதல் அமர்வு சட்ட வல்லுநருக்கு உரியதன்று. தாபரிப்புக்காக மாதக்கணக்கில் அலைந்த பெண்கள், பெயர் வெளிப்படாமல், அச்சமின்றிப் பேச வழி செய்வோம். காதிமாரும் உலமாக்களும் வழக்கறிஞரும் முதலில் செவிமடுக்கட்டும். தீர்மானங்களை அதன் பின் எழுதுவோம்.