சாமைக்கு மிக்ஸி போதுமா?

2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லாப் பொருள் திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் சேர்ந்தே வந்தன. எது உழைக்கும், எந்த பிராண்ட், வாரண்டி எத்தனை வருஷம் என்றெல்லாம் விசாரிக்கிற வேலை வீடுகளுக்கு மிச்சம். தேர்வு செய்தது அரசு.

ஆனால் அது இட்லி மாவு அரைக்கிற வீட்டின் பட்டியல். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிகள் காலங்காலமாக விதைப்பது சாமை. அதன் உமி கெட்டி. மிக்ஸியில் போட்டால் பிளேடு உமியோடு அரிசியையும் நொறுக்கிவிடும். உமி போகணும்னா உரலும் உலக்கையும் வேணும், இல்லாட்டி அதுக்கான மெஷின் வேணும். (மலைக்கு ஃபேன் எதுக்குன்னு கேக்காதீங்க, வெயில் காலம் அங்கேயும் உண்டு.)

மிக்ஸி நின்றுபோனால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது மோட்டாரின் கார்பன் பிரஷ். மாற்றினால் மறுபடி ஓடும், அதிக விலையும் இல்லை. அதற்காக ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கணும்னா பஸ் காசும் ஒருநாள் கூலியும் அந்த விலையில் சேர்ந்துவிடும். உரலுக்கு ஸ்பேர் வேண்டாம்தான். குத்துகிற பெண்ணின் தோள்பட்டைக்கு?

என்னைக் கேட்டால், அங்கே முதலில் மாற்ற வேண்டியிருந்தது அம்மியை அல்ல, உலக்கையை. அதற்கான மெஷின் வீட்டுக்கு ஒன்று தேவையில்லை, ஊருக்கு ஒன்று போதும்.