முளைத்தானியமும் அளவுகோலும்

நெல் விளையும் சவளக்கடையில், ஒரு மூட்டை நெல்லுக்கு எவ்வளவு அரிசி கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். அரிசி குறைந்தால் பழி நெல்லுக்கா, ஆலைக்கா என்பது கேள்வி. ஐரோப்பாவிற் பியர் வடித்தோரையும் இத்தகைய கேள்வியே நெடுங்காலம் அலைக்கழித்தது.

முளைவித்து உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால், அதன் மாப்பொருள் வெல்லமாக மாறி நீரிற் கரையும். சிலபோது சாறு இனிமை குன்றி நீர்த்துவிடும். கைவிரலும் நாவுமே அளவுகோலாயிருந்த அக்காலத்தில், குறை எங்கே நேர்ந்தது என்று துணிய வழியில்லை.

1762ஆம் ஆண்டில் மைக்கேல் கோம்புறூன் தமது நூலில் இத்தொழிலுக்கு வெப்பமானியின் பயனை விளக்கினார். 1784இல் ஜோன் றிச்சட்சன், சாற்றின் அடர்த்தியைக் காட்டும் வெல்லமானியைப் பற்றி எழுதினார். ஒரே அளவு தானியம் இருவேறு நாட்களில் தந்த பயனை எண்ணால் ஒப்பிடுவது அதன்பின் எளிதாயிற்று. 1833இல் பிரான்சு நாட்டுப் பாயனும் பெர்சோவும், மாப்பொருளை வெல்லமாக்கும் தயத்தேசு என்னும் நொதியத்தைப் பிரித்தெடுத்தனர். ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் அது செவ்வனே தொழிற்படும், கொதிநீரில் அழிந்துவிடும்.

ஆதலின் இன்று பயன் குறையுமிடத்து, நொறுக்கியது பருமனா, வெப்பம் பிழையா, சக்கையை வெந்நீரால் அலசியது போதாதா என்று ஒவ்வொன்றாக ஆராய்கின்றனர். அளவுகோல் வந்ததனால், குற்றமற்ற தானியம் பழியினின்று தப்பியது.