ப. சுப்பராயன்: கட்சியில்லாத முதலமைச்சர்

ஏற்காடும் சேர்வராயன் மலையும் அடங்கிய பழைய சேலம் மாவட்டம், சென்னை மாகாணத்துக்கு இரண்டு முதலமைச்சர்களைத் தந்தது. இராஜாஜியை எல்லோரும் அறிவர். மற்றவரான ப. சுப்பராயன் (11 செப்டம்பர் 1889 – 6 அக்டோபர் 1962) பாடநூலில் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்.

சுப்பராயன் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர். மங்களூரில் ஒடுக்கப்பட்டோருக்காகப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள் இராதாபாயைச் சாதியும் மொழியும் கடந்து மணந்தார். ஜமீன் குடும்பங்களில் அந்நாளில் இது எளிய செயல் அன்று.

அப்போது நடைமுறையில் இருந்தது இரட்டை ஆட்சி. நிதி, வருவாய், காவல் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்றவை மட்டும் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன. 1926 தேர்தலில் 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களையும் நீதிக்கட்சி 21 இடங்களையும் பெற்றன. வென்ற சுயராஜ்யக் கட்சியோ, இரட்டை ஆட்சியில் பதவி ஏற்பதில்லை என்ற கொள்கையால் ஒதுங்கிக்கொண்டது. ஆளுநர் கோஷன் பிரபு, எந்தக் கட்சியையும் சாராத சுப்பராயனை அழைத்தார். 1926 டிசம்பர் 4 அன்று, முப்பத்தேழு வயதில், அவர் பதவியேற்றார். "கட்சியே இல்லாமல் எப்படி ஐயா முதலமைச்சர்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆளுநர் நியமித்த உறுப்பினர்களின் வாக்குதான் அவருக்குப் பலம், அதுவே பலவீனமும்கூட. 1927 ஆகஸ்டில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அந்த வாக்குகளைக் கொண்டே அவர் கடந்தார்.

அடுத்து வந்தது சைமன் குழு விவகாரம். குழுவைப் புறக்கணிக்க வேண்டும் என்றது சட்டமன்றம். சுப்பராயன் அதை எதிர்த்தார். அவருடன் இருந்த இரண்டு அமைச்சர்களும் ஆதரித்தார்கள். அவர்கள் இருவரும் விலக நேர்ந்தது. அமைச்சரவை கவிழாமல் இருக்க, ஆளுநர் நீதிக்கட்சியைத் தம் பக்கம் இழுத்தார். அதுவரை எதிர்த்த பனகல் அரசர் ஆதரவாளரானார். புதிதாக முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் அமைச்சர்களாயினர்.

இந்தப் பேரத்தின் விளைவைத் தமிழகம் நெடுங்காலம் அனுபவித்தது. முத்தையா முதலியாரின் முயற்சியால் வகுப்புவாரி அரசாணை 1928இல் செயலுக்கு வந்தது. பன்னிரண்டு பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்கள் ஆகியோருக்குத் தலா 2, கிறித்தவரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்து 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 என்று பங்கிடப்பட்டது. நீதிக்கட்சி தன் ஆட்சியில் முழுமையாக நிறைவேற்ற முடியாததை, சொந்தக் கட்சி இல்லாத ஒருவரின் அமைச்சரவை நிறைவேற்றியது. 1930 அக்டோபரில் நீதிக்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தது.

பதவி போன பின்பு அவர் செய்த பணியையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1932 நவம்பரில், கோயில் நுழைவுக்குச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். குருவாயூர்க் கோயிலைத் திறக்கக்கோரி கேளப்பன் உண்ணாவிரதம் இருந்து, காந்தியடிகளின் வேண்டுகோளால் அதை நிறுத்தியிருந்த நேரம் அது. சுப்பராயன் மசோதாவும் தயாரித்தார். ஒரு மாகாணம் மட்டும் முடிவு செய்யக்கூடியது அல்ல என்று சொல்லி, 1933 ஜனவரியில் வைசிராய் அனுமதி மறுத்துவிட்டார். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவை ஒட்டி இராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தபோதும், 1947இல் மாகாணம் முழுமைக்குமான சட்டம் வந்தபோதும் அவர் அமைச்சரவையில் இருந்தார்.

முதலில் எதிரணியில் இருந்த காங்கிரஸில் சேர்ந்து, 1937இல் அதன் அமைச்சரானதைச் சந்தர்ப்பவாதம் என்பாரும் உண்டு. அதைவிடக் கடினமான கேள்வி இந்தியைப் பற்றியது. 1938இல் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது கல்வி அமைச்சர் இவரே. போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது உயிரிழந்தனர். திட்டம் இராஜாஜியுடையது என்றாலும், துறை இவருடையது. பொறுப்பிலிருந்து விலக்கிவிட முடியாது. அதே சுப்பராயன், 1955இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராகி, பெரும்பான்மை அறிக்கையை ஏற்காமல் தனிக்குறிப்பு எழுதினார். இந்தி பேசாத மக்கள்மேல் அம்மொழி சுமத்தப்படுவதை அதில் எதிர்த்தார். வங்காளத்தின் மொழியறிஞர் சுநீதிகுமார் சாட்டர்ஜியும் தனியே மறுப்பு எழுதினார். மனம் மாறியதற்கான காரணம் எதுவாயினும், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இடையில் இந்தோனேசியத் தூதர், கிரிக்கெட் வாரியத் தலைவர், மத்திய அமைச்சர் என்று பல பொறுப்புகள். 1957இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிள்ளைகளில் ஒருவர் தரைப்படைத் தலைவரானார். மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்தில் பெயர் பெற்றார்கள். 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநராகப் பொறுப்பேற்ற சுப்பராயன், ஆறு மாதம் நிறைவதற்குள் பதவியிலேயே காலமானார்.