கூப்பேயா, ரோட்ஸ்டரா? மகிழுந்தின் கூரை சொல்லும் வரலாறு



பழைய பாணியில் செய்யப்படும் விளையாட்டு மகிழுந்துகளில் இரு வகைகள் உண்டு. நிலையான கூரையும் இரு கதவுகளும் கொண்டது கூப்பே. நிலையான கூரையின்றி இருவர் அமர்ந்து செல்வது ரோட்ஸ்டர். இவற்றுள் எது சிறந்தது என மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அதற்கு வரலாறு தரும் விடையில் நம் மலாக்காவுக்கும் பங்குண்டு.

இரு பெயர்களும் குதிரை வண்டிக் காலத்தவை. சாலைப் பயணத்துக்கு ஏற்ற குதிரையையே ஆங்கிலேயர் முதலில் ரோட்ஸ்டர் என்றனர். கூப்பே என்பது ‘வெட்டப்பட்டது’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பெரிய மூடுவண்டியின் ஒரு பகுதியைக் குறைத்து, இருவருக்கென அமைத்த வண்டி அப்பெயர் பெற்றது.

தொடக்கக் கால மகிழுந்துகளில் பெரும்பாலானவை திறந்தவையே. கூரை செல்வர்க்கு மட்டுமே கிட்டியது. 1919இல் அமெரிக்காவில் விற்றவற்றுள் ஏறத்தாழ பத்தில் ஒன்றே மூடிய வண்டி. விலை குறைந்ததும் நிலை தலைகீழானது. 1927இல் மூடியவை ஏறத்தாழ 85 விழுக்காடாயின. கூரை எல்லார்க்கும் கிடைத்த பின், திறந்த வண்டி ஆர்வலர்களின் விருப்பப் பொருளாயிற்று. 1949 முதல் 1953 வரை செய்யப்பட்ட எம்ஜி டிடி ரோட்ஸ்டர்கள் ஏறத்தாழ முப்பதாயிரம். பெரும்பாலானவை அமெரிக்காவுக்கே சென்றன. ஜாகுவார் எக்ஸ்கே120 1948இல் ரோட்ஸ்டராக அறிமுகமாகி, 1951இல் கூப்பே வடிவமும் பெற்றது.

மலேசியாவிலும் இக்கலை தொடர்ந்தது. 1986இல் ஆஸ்திரேலியாவில் கூரி சகோதரர்கள் தொடங்கிய புஃபோரி நிறுவனம், பின்னர் மலேசியாவுக்கு இடம்பெயர்ந்தது. 1930களின் சாயலில் கைவினையாக ரோட்ஸ்டரைச் செய்த அந்நிறுவனம், பின்னர் லா ஹோயா என்னும் கூப்பேயையும் படைத்தது.

கூரை எதுவாயினும், வண்டி ஓடுவது ரப்பர்ச் சக்கரத்தில். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. மகிழுந்துகள் பெருகப் பெருக ரப்பர்த் தேவையும் பெருகியது. தமிழர்கள் கூட்டங்கூட்டமாகத் தோட்டங்களுக்கு வந்தனர்.

கூப்பேயா ரோட்ஸ்டரா என்பதை ஓட்டுநருக்கு முடிவு செய்வது பெரும்பாலும் மழையே. பால்மரம் வெட்டிய நம் முன்னோர்க்கும் மழையே தீர்ப்பு வழங்கியது. விடியற்காலையில் மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. மங்கில் மழைநீர் கலந்தால் பால் கெடும். வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. அங்கே மழை பயண இன்பத்தைக் கெடுத்தது. இங்கே அடுப்பை அணைத்தது.

எனவே மாணவர்களுக்கு என் விடை இதுதான்: திடீர் மழையும் கடும் வெயிலும் உள்ள நம் நாட்டில் அன்றாட ஓட்டத்துக்குக் கூப்பேயே ஏற்றது. மூடிய உடல் உறுதியும் மிக்கது. வேறு வண்டி ஒன்றும் வைத்திருப்போர் காலைக் காற்று வாங்க ரோட்ஸ்டரை நாடலாம்.

ஆனால் பாடம் அங்கே முடிந்துவிடக் கூடாது. பால்மரக் காடுகள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. பால் வெட்டிய கைகள் சில இன்னும் நம் வீடுகளில் உள்ளன. பெற்றோர்களே, பிள்ளை மகிழுந்துப் படத்தைக் காட்டும்போது, அதைத் தாத்தா பாட்டியிடம் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். மழை நாளில் தோட்டத்தில் என்ன சமைத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அவ்விடையைக் கட்டுரையாக எழுத வையுங்கள். உலகை ஓடவைத்தவர்களின் பேரர்கள் தாம் என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.