1948-ஆம் வருஷத்துக் காசு எங்கே?

ஒரு நாட்டின் நாணயங்களைச் சேர்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டதா? பழைய காசுக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிடுங்கள். சேகரிப்பாளர்கள் 'வாண்ட் லிஸ்ட்' என்பார்கள். இருப்பதை எழுதும் ஸ்டாக் கணக்கு இல்லை இது. இல்லாததை எழுதும் கணக்கு. இது கையில் இல்லாமல் போனால், பளபளப்பில் மயங்கி, வீட்டில் ஏற்கெனவே மூன்று கிடக்கும் காசை நாலாவதாகவும் வாங்கி வருவீர்கள்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோமே. சுதந்திர இந்தியாவின் காசுகள். முதல் வரியில் எந்த வருஷத்தை எழுதுவீர்கள்? '1947தான், இதிலென்ன சந்தேகம்?' என்கிறீர்களா?

அங்கேதான் சிக்கல்!

1947 என்று போட்ட ஒரு ரூபாய்க் காசு உண்டு. நிக்கல். ஒரு பக்கம் நடைபோடும் புலி. திருப்பிப் பார்த்தால், கிரீடத்தோடு ஆறாம் ஜார்ஜ் மன்னர்! நேருவின் நள்ளிரவுப் பேச்சைக் கேட்டுவிட்டு மறுநாள் காலை டீக்கடைக்குப் போனவர் நீட்டிய காசிலும் அவர் தலைதான். ஆண்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். சட்டைப் பையை விட்டுப் போகவில்லை.

சட்டப்படி இதில் தப்பில்லை. 1950 ஜனவரி 26 வரை இந்தியா ஒரு டொமினியன். ஏட்டளவில் ஜார்ஜ்தான் மன்னர். ஆனால், பாகிஸ்தானும் அப்போது டொமினியன்தானே? அவர்கள் 1948-லேயே பிறையும் நட்சத்திரமும் போட்டுச் சொந்தக் காசு வெளியிட்டுவிட்டார்கள். நாம் பழைய காசையே ஓட்டிக்கொண்டிருந்தோம். ரிசர்வ் வங்கி இந்தக் காலத்துக் காசுகளுக்கு 'உறைந்த வரிசை' என்றே பெயர் வைத்திருக்கிறது. 1949 என்று போட்டு மாதிரிக் காசுகள் அடித்துப் பார்த்ததோடு சரி, அவை புழக்கத்துக்கு வரவில்லை.

கடைசியில் 1950 ஆகஸ்ட் 15 அன்று மன்னர் தலை இறங்கி, அசோகரின் சிங்கங்கள் ஏறின. ரூபாயில் புலி இருந்த இடத்தில் கோதுமைக் கதிர். அணாக்களில் காளை, பைசாவில் குதிரை. பைசாவில் தொடங்கி ரூபாய் வரை மொத்தம் ஏழு காசுகள்.

ஆக, பட்டியலை 1947-ல் தொடங்குவதா, 1950-லா? பலரும் 'குடியரசு இந்தியா' என்று தலைப்புப் போட்டு 1950-ல் தொடங்குவார்கள். சுத்தமான வேலைதான். ஆனால் என் கட்சி வேறு. அந்த ஜார்ஜ் மன்னர் ரூபாய்க்கு முதல் பக்கத்தில் ஒரு வரி கொடுங்கள். சுதந்திரம் வாங்கிய கை புழங்கிய காசு அது. அதை ஒதுக்கிவிட்டு எப்படிக் கதை சொல்வது?

அடுத்த பக்கங்கள் சுலபம். 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா ஒரு ரூபாய். 1964 ஜூன் 1 முதல் 'நயா' போய் வெறும் பைசா. (காசிலிருந்துதான் போனது, 'ஒரு நயா பைசா தர மாட்டேன்' என்பது இன்னும் நம் வாயில் இருக்கிறது!) 2011 ஜூன் 30-க்குப் பிறகு நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது.

வருஷத்தைக் குறித்தால் மட்டும் போதாது. காசில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே வருஷத்து ஒரே காசுக்கு நாலு வரி வரைக்கும் தேவைப்படலாம். அந்த நட்சத்திரத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஒருகாலத்தில் நிஜாமுக்குக் காசு அடித்துக்கொடுத்த ஊர் அது.

1948, 1949 இரண்டையும் எழுதி, எதிரே ஒரு கோடு போட்டு வையுங்கள். யாராவது '1948 ரூபாய் சார், ரொம்ப அபூர்வம்' என்று நீட்டினால் பிறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது பக்கத்து நாட்டுப் பட்டியல்.